மாகாண அரசிடம் எழுத்தில் கேள்வி கேட்பது: தென்னாப்பிரிக்காவின் கௌடெங் அனுபவத்திலிருந்து சில கேள்வி பதில்கள்

தென்னாப்பிரிக்காவில் ஒன்பது மாகாணங்கள். அரசு மருத்துவமனை, பள்ளிக்கூடம், மாகாணச் சாலை, ஆம்புலன்ஸ் என்று மக்கள் அன்றாடம் தொட்டுப் பழகும் பல விஷயங்கள் மாகாண அரசின் கையில் இருக்கின்றன. அந்த அரசிடம் கணக்குக் கேட்கச் சட்டமன்ற உறுப்பினருக்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் அதிகம் பேசப்படாதது எழுத்துக் கேள்வி. ஜோகானஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் இருக்கும் கௌடெங் மாகாணத்தை வைத்து, இதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

எழுத்துக் கேள்வி என்றால் என்ன? சபையில் எழுந்து கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உறுப்பினர் கேள்வியை எழுதிச் சட்டமன்றச் செயலகத்தில் கொடுக்கிறார். அது பதிவாகி, எண் பெற்று, உரிய மாகாண அமைச்சருக்குப் போகிறது. (மாகாண அமைச்சரை அங்கே எம்.இ.சி என்பார்கள்.) துறை தகவல் திரட்டுகிறது, அமைச்சர் ஒப்புதல் தருகிறார், பதில் எழுத்தில் வருகிறது.

சபையில் வாயால் கேட்டால் கேமரா இருக்கும், கைதட்டல் இருக்கும், அமைச்சர் சாமர்த்தியமாகப் பேசி நழுவவும் இடம் இருக்கும். எழுத்தில் கேட்டால் இதெல்லாம் கிடையாது. எண்ணைக் கேட்டால் எண்ணைத் தர வேண்டும், இல்லாவிட்டால் தரவில்லை என்பதே பதிவாகிவிடும். பரபரப்பு வேண்டுமென்றால் வாய்மொழிக் கேள்வி, தகவல் வேண்டுமென்றால் எழுத்துக் கேள்வி.

பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 133ஆம் பிரிவு, மாகாண அமைச்சர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் சட்டமன்றத்துக்குப் பொறுப்பானவர்கள் என்கிறது. தங்கள் கட்டுப்பாட்டில் உள்ளவை பற்றி முழுமையான அறிக்கைகளைத் தொடர்ந்து தர வேண்டும் என்றும் சொல்கிறது. 114ஆம் பிரிவு, நிர்வாகத்தைக் கண்காணிக்க ஏற்பாடுகள் செய்வதைச் சட்டமன்றத்தின் கடமையாகவே வைக்கிறது.

எத்தனை நாளில் பதில் தர வேண்டும், ஒரு உறுப்பினர் எத்தனை கேள்வி கொடுக்கலாம் என்பவை ஒவ்வொரு சட்டமன்றமும் தன் நடைமுறைக்காக வகுத்துக்கொண்ட நிலை விதிகளில் இருக்கும். அந்த விதிகளை வகுத்துக்கொள்ளும் அதிகாரம் 116ஆம் பிரிவில் வருகிறது. ஒரு மாகாணத்தின் விதியை இன்னொரு மாகாணத்தில் காட்டி வாதாட முடியாது.

சரி, இதனால் எப்போதாவது உண்மையில் ஏதாவது நடந்திருக்கிறதா?

லைஃப் எசிடிமெனி விவகாரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கௌடெங் சுகாதாரத் துறை, நாள்பட்ட மனநோயாளிகளைப் பல ஆண்டுகளாக லைஃப் எசிடிமெனி என்ற தனியார் பராமரிப்பு நிலையங்களில் வைத்துப் பணம் கட்டி வந்தது. செலவைக் குறைக்க வேண்டும், நோயாளிகளைச் சமூகத்தோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று காரணம் சொல்லி, 2015 அக்டோபரில் அந்த ஒப்பந்தத்தை முடிப்பதாக அறிவித்தார் அப்போதைய சுகாதார அமைச்சர் கெடானி மஹ்லாங்கு. குடும்பத்தினர் எதிர்த்தார்கள். மனநல அமைப்புகள் எச்சரித்தன, நீதிமன்றத்துக்கும் போனார்கள். ஆனாலும் 2016இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவற்றில் பல நிறுவனங்களுக்கு இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத் தேவையான ஆளும் இல்லை, வசதியும் இல்லை.

ஜாக் புளூம் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் 1994 முதல் அந்தச் சட்டமன்றத்தில் இருந்தவர், சுகாதாரத் துறையை விடாமல் துருவியவர். மாற்றப்பட்டவர்களின் கதி என்ன என்று அவர் முறையாகக் கேள்வி கொடுத்தார். 2016 செப்டம்பர் 13 அன்று அமைச்சரிடமிருந்து பதில் வந்தது: 36 பேர் இறந்துவிட்டார்கள்.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுச் சாவைத் தனிச் சாவாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எண்ணாக வெளியே வந்ததும் நிலைமை மாறியது. ஐந்தே நாளில், செப்டம்பர் 18 அன்று, தேசிய சுகாதார அமைச்சர் விசாரணையைச் சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மலேகாபுரு மக்கோபாவிடம் ஒப்படைத்தார். 2017 பிப்ரவரி 1 அன்று வெளியான அவருடைய அறிக்கை, இறந்தவர்கள் 94 பேருக்கும் மேல் என்றது. நோயாளிகளை ஏற்ற 27 தொண்டு நிறுவனங்களும் செல்லாத உரிமத்தோடு இயங்கியதாகச் சொன்னது. அறிக்கை வெளியான சமயத்திலேயே மஹ்லாங்கு பதவி விலகினார்.

பிறகு ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே முன்னிலையில் நடுவர் விசாரணை நடந்தது. 2018 மார்ச் 19 அன்று வந்த தீர்ப்பில் இறந்தோர் எண்ணிக்கை 144. ஒவ்வொரு கோரிக்கையாளர் குடும்பத்துக்கும் மொத்தம் 12 லட்சம் ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) இழப்பீடு: அரசியலமைப்பு உரிமை மீறலுக்குப் பத்து லட்சம், அதிர்ச்சிக்கும் மன உளைச்சலுக்கும் 1,80,000, ஈமச்செலவுக்கு 20,000. 2024 ஜூலையில் மரண விசாரணை நீதிமன்றம், ஒன்பது பேரின் சாவுக்கு மஹ்லாங்குவும் மனநலப் பிரிவுத் தலைவராக இருந்த டாக்டர் மக்காபோ மனமேலாவும் காரணம் என்று கண்டது.

36 என்பதே தவறான எண் போலிருக்கிறதே. தப்பான பதில் தரும் கேள்வியால் என்ன லாபம்?

நல்ல கேள்வி. மக்கோபா அறிக்கைப்படி, அமைச்சர் 36 என்று சொன்ன அந்த நாளில் ஏற்கெனவே 77 பேர் இறந்திருந்தார்கள்.

ஆனாலும் அந்த 36தான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது. எழுத்துக் கேள்வியைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கும் முக்கியமான விஷயமே இதுதான். பதில் சரியாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. அரசு ஒரு எண்ணைச் சொல்லி, அது எந்தத் தேதியில் சொல்லப்பட்டது என்பதும் பதிவானால் போதும். அதற்குப் பிறகு விசாரணை அதிகாரியோ, பத்திரிகையாளரோ, தணிக்கையாளரோ, இறந்தவரின் அக்காவோ யார் வேண்டுமானாலும் அந்த எண்ணை எடுத்து உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 36க்கும் 77க்கும் நடுவில் இருந்த இடைவெளி, துறைக்குத் தன் நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்பதைக் காட்டியது. அமைச்சர் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த இடைவெளியே கண்ணில் பட்டிருக்காது.

எனவே பதில் வந்ததும் திருப்தியா, அதிருப்தியா என்று யோசிப்பதை விட, இதை எதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று யோசிப்பது பயனுள்ளது.

நல்ல கேள்வி எப்படி எழுதுவது?

ஒரு நிஜ விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சு சிகிச்சைக்கும் காத்திருப்போர் பட்டியலைக் குறைக்க, 2023 மார்ச்சில் கௌடெங் மாகாணக் கருவூலம் 78 கோடியே 40 லட்சம் ராண்ட் ஒதுக்கியது. பணம் வந்தும் கதிர்வீச்சு நோயாளிகள் காத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் புற்றுநோயாளிகளுக்கான ஒரு கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2025 மார்ச் 27 அன்று ஜோகானஸ்பர்க் உயர்நீதிமன்றம், துறை நடந்துகொண்ட விதம் சட்டவிரோதம் என்றது.

இதைப் பற்றி ஒரு உறுப்பினர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "புற்றுநோயாளிகள் சிகிச்சை கிடைக்காமல் தவிப்பதை அமைச்சர் அறிவாரா? என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது?" கேள்வியில் உணர்ச்சி இருக்கிறது. பதில் என்ன வரும் என்று நானே எழுதித் தருகிறேன்: "அறிவார். உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன." முடிந்தது கதை.

அதையே இப்படி உடைத்துக் கேட்கலாம். (அ) ஒதுக்கிய தொகையில் இந்தத் தேதிவரை செலவானது எவ்வளவு? (ஆ) யாருக்கு, எந்தச் சேவைக்காக, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது? (இ) கதிர்வீச்சுக்குக் காத்திருப்போர், ஒதுக்கீடு வந்த நாளில் எத்தனை பேர், இன்று எத்தனை பேர், மருத்துவமனை வாரியாக? (ஈ) பட்டியலில் இருந்து நீங்கியவர்களில் சிகிச்சை முடித்தவர் எத்தனை, வேறு இடம் போனவர் எத்தனை, இறந்தவர் எத்தனை? (உ) வெளி நிறுவனங்களிடம் சேவை வாங்கும் டெண்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? ஒவ்வொரு கட்டமும் எந்தத் தேதியில் முடிந்தது? (ஊ) செலவாகாத பணம் கருவூலத்துக்குத் திரும்பியதா?

இதில் நான் மிகவும் மதிப்பது (ஈ). காத்திருப்போர் பட்டியல் குறைந்தது என்று பெருமையாகப் பதில் வரும். ஏன் குறைந்தது என்று கேட்காவிட்டால், செத்துப்போனவர்களும் அரசின் சாதனைக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

மற்றபடி சில பழக்கங்கள் உதவும். தேதி எல்லை கட்டாயம் போடுங்கள், "சமீபத்தில்" என்று எழுதாதீர்கள். தென்னாப்பிரிக்க நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அதற்கு ஏற்பக் கேட்டால் பதிலைத் துறையின் ஆண்டறிக்கையோடு நேரடியாக ஒப்பிடலாம். ஆம், இல்லை என்று முடிக்கக்கூடிய கேள்விக்குப் பின்னால் "ஆம் எனில் விவரம், இல்லை எனில் காரணம்" என்று ஒரு வாலைச் சேருங்கள். கேள்விக்குள்ளேயே குற்றம்சாட்டாதீர்கள். குற்றச்சாட்டு இருந்தால் அமைச்சர் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எண்களை விட்டுவிடுவார். அப்புறம், பதினைந்து கிளைக்கேள்வி போட்டு ஒரே கேள்வியாகக் கொடுப்பதும் வேண்டாம். துறைக்கு அது தாமதத்துக்கான சாக்கு.

எந்த அமைச்சரிடம் கேட்பது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தவறான கதவைத் தட்டினால் "இது எங்கள் பொறுப்பில் வராது" என்று ஒரே வரியில் திரும்பி வரும். அரசியலமைப்பின் நான்காம், ஐந்தாம் அட்டவணைகளைப் பாருங்கள். சுகாதாரமும் பள்ளிக் கல்வியும் மத்தியும் மாகாணமும் பகிர்ந்துகொள்வன. ஆம்புலன்ஸ், மாகாணச் சாலை, மது உரிமம் ஆகியவை மாகாணத்துக்கே உரியன. வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது பெரும்பாலும் நகராட்சியின் விஷயம். காவல் துறை தேசிய அரசின் கீழ் வருகிறது. ஆனால் 206ஆம் பிரிவின்படி அதன் செயல்பாட்டைக் கண்காணிக்கும் பங்கு மாகாணத்துக்கு உண்டு, அந்த அளவுக்குக் கேட்கலாம்.

நான் உறுப்பினர் இல்லை. சாதாரண ஆள். நான் கேட்க முடியுமா?

நேரடியாக முடியாது. உறுப்பினர் வழியாகக் கேட்க வைக்கலாம்.

அங்கே "எங்கள் தொகுதி எம்.எல்.ஏ" என்று ஒருவர் கிடையாது. விகிதாசார முறையில் கட்சிப் பட்டியலிலிருந்துதான் பெரும்பாலும் உறுப்பினர்கள் வருகிறார்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அக்கறை காட்டும் எந்த உறுப்பினரிடமும், எந்தக் கட்சிக்காரரிடமும் போகலாம். அந்தத் துறைக்கு ஒவ்வொரு எதிர்க்கட்சியும் ஒரு பேச்சாளரை வைத்திருக்கும். அவரிடமே போவது நல்லது. "பாருங்கள் ஐயா, அநியாயம்" என்று மட்டும் எழுதாமல், கேள்வியையே எழுதிக் கையில் கொடுங்கள். நூறு மனுக்களுக்கு நடுவில் தயாராக வரும் கேள்விக்குத் தனி மதிப்பு.

இன்னொரு வழி, 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். அதன்கீழ் நீங்களே விண்ணப்பிக்கலாம். அரசு அமைப்பு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும், மேலும் 30 நாள் வரை ஒருமுறை நீட்டிக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே கெட்டிக்காரத்தனம். உறுப்பினர் கேள்வியில் எண்களைக் கேட்கட்டும், நீங்கள் அந்த எண்களுக்கு அடிப்படையான ஆவணங்களைக் கேளுங்கள்.

துறைக்குள் வேலை பார்ப்பவர்கள் தகவல் கொடுத்தால்?

நல்ல கேள்விகளில் பல அப்படித்தான் பிறக்கின்றன. இதில் ஆபத்தும் நிஜமானது. கௌடெங் சுகாதாரத் துறையின் நிதிப் பிரிவில் மூத்த அதிகாரியாக இருந்த பாபிதா தியோகரன், டெம்பிசா மருத்துவமனையின் சந்தேகத்துக்குரிய பணப்பட்டுவாடாக்களைச் சுட்டிக்காட்டினார். 2021 ஆகஸ்ட் 23 அன்று ஜோகானஸ்பர்க்கில் தன் வீட்டுக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். கூலிக்குக் கொன்ற ஆறு பேர் 2023இல் தண்டிக்கப்பட்டார்கள். தகவல் சொல்லும் ஊழியரைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அது வேலையைக் காக்க முயலும், உயிருக்குக் காவல் நிற்காது.

ஆகவே கேள்வியை எழுதும் விதத்தில்தான் ஆளை மறைக்க வேண்டும். ஒரு மருத்துவமனையைப் பற்றித் தகவல் வந்தால் மாகாணத்தின் எல்லா மருத்துவமனைகளையும் பற்றிக் கேளுங்கள். ஒரு மாதத்து பில் என்றால் மூன்று வருடக் கணக்கைக் கேளுங்கள். நாலு பேருக்கு மட்டுமே தெரிந்த கோப்பு எண்ணையோ நிறுவனத்தின் பெயரையோ முதல் கேள்வியிலேயே போட்டுவிட்டால், யார் சொன்னது என்று கண்டுபிடிக்க அரை நாள் போதும். உறுப்பினருக்கு 117ஆம் பிரிவின் பாதுகாப்பு இருக்கிறது. சபையில் சொன்னதற்கோ சமர்ப்பித்ததற்கோ அவர்மேல் வழக்குப் போட முடியாது. அவருக்குத் தகவல் கொடுத்த எழுத்தருக்கு அந்தக் கவசம் இல்லை. இதை மறந்துவிட்டுக் கேள்வி கொடுக்கும் உறுப்பினரை நம்பி ஒரு தாளையும் தரக்கூடாது என்பது என் கருத்து.

பதிலே வராவிட்டால்?

முதலில் சபாநாயகருக்கு எழுதலாம், சபையில் எழுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் துறைக்கான குழு இருக்கிறது. 115ஆம் பிரிவின்படி சட்டமன்றமோ அதன் குழுவோ யாரையும் வரவழைத்துச் சாட்சி சொல்லவும் ஆவணம் காட்டவும் உத்தரவிடலாம். நடைமுறையில் குழுவில் பெரும்பான்மை யார் பக்கம் என்பதைப் பொறுத்துத்தான் இது நடக்கும்.

காலம் தாழ்ந்த பதில்களின் பட்டியலைத் தேதியோடு வெளியிடுவதும் உண்டு. எந்த அமைச்சரும் அந்தப் பட்டியலில் முதலிடம் பிடிக்க விரும்புவதில்லை.

அமைச்சர் பொய்யான பதில் தந்தால் தண்டனை உண்டா?

உண்டு, ஆனால் நிரூபிப்பது கடினம். நிர்வாகப் பொறுப்பில் இருப்போருக்கான நெறிமுறைத் தொகுப்பு, அமைச்சர் சட்டமன்றத்தை வேண்டுமென்றே தவறாக வழிநடத்தக் கூடாது என்கிறது. அரசு அமைப்புகளின் முறைகேடுகளை விசாரிக்கும் மக்கள் பாதுகாவலர் அலுவலகத்தில் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் புகார் கொடுக்கலாம்.

"வேண்டுமென்றே" என்ற நிபந்தனைதான் இடறும் இடம். 2018 நவம்பர் 6 அன்று அதிபர் சிரில் ராமபோசா, தன் மகன் சம்பந்தப்பட்ட ஐந்து லட்சம் ராண்ட் தொகையைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஒரு பதில் சொன்னார். எட்டு நாள் கழித்து, முன்பு சொன்னது சரியில்லை என்று சபாநாயகருக்குக் கடிதம் எழுதித் திருத்தினார். அப்போதைய மக்கள் பாதுகாவலர் அவர்மேல் குற்றம் கண்டார். 2021 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தெரியாமல் தவறாகச் சொன்னதை வேண்டுமென்றே ஏமாற்றியதாகக் கொள்ள முடியாது என்றது. இது தேசிய மட்டத்து வழக்கு என்றாலும், மாகாண அமைச்சர்களுக்கும் அதே நெறிமுறைதான்.

இதிலிருந்து ஒரு உத்தி கிடைக்கிறது. பதில் தவறு என்று தெரிந்தால் உடனே "பொய்" என்று கத்தாதீர்கள். ஆதாரத்தை இணைத்து, "முந்தைய பதிலைத் திருத்த விரும்புகிறீர்களா?" என்று இரண்டாவது கேள்வி கொடுங்கள். திருத்தினால் உண்மை கிடைத்தது. ஆதாரத்தைப் பார்த்த பிறகும் அதே பதிலைச் சொன்னால், தெரியாமல் சொன்னேன் என்ற வாதம் அடுத்த முறை எடுபடாது.

இதெல்லாம் எதிர்க்கட்சி அரசியல்தானே?

பெரும்பாலும் ஆமாம். அதில் தவறென்ன? கௌடெங்கில் ஜனநாயகக் கூட்டணி என்ற எதிர்க்கட்சி கேட்கிறது, ஆளும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பதில் சொல்கிறது. 2009 முதல் ஜனநாயகக் கூட்டணி ஆளும் மேற்கு கேப்பில் அப்படியே தலைகீழ். 2024 தேர்தலுக்குப் பிறகு, தமிழ் வம்சாவளியினர் நிறையப் பேர் வாழும் குவாசுலு-நட்டாலில், 80 இடங்களில் 37ஐ வென்ற எம்.கே கட்சி (முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமாவின் கட்சி) எதிர்வரிசையில் உட்கார்ந்தது. அதுவரை கேள்வி கேட்டுக்கொண்டிருந்த சிலர் பதில் சொல்லும் நாற்காலிக்குப் போனார்கள். ஆளுங்கட்சி உறுப்பினரும் கேள்வி கொடுக்கலாம். ஆனால் அவர்கள் கொடுப்பதில் கணிசமானவை அமைச்சர் பெருமை பேச வசதி செய்து தரும் கேள்விகள். அவற்றைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வந்த பதிலை எப்படிப் படிப்பது?

மழுப்பும் வரிகளுக்கு ஒரு குடும்பச் சாயல் உண்டு. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்றால் எந்தத் தேதியில் கிடைக்கும் என்று கேளுங்கள். "இந்த வடிவத்தில் புள்ளிவிவரம் பராமரிக்கப்படுவதில்லை" என்றால் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே கேளுங்கள். சில சமயம் இந்தப் பதில்தான் பெரிய செய்தி. காத்திருப்போர் பட்டியலே இல்லாத மருத்துவமனை, பட்டியல் நீளமாக உள்ள மருத்துவமனையை விட மோசம். "விஷயம் நீதிமன்றத்தில் இருக்கிறது" என்றால், வழக்கின் நியாயத்தைப் பற்றிப் பேசத்தான் தடை, கொடுத்த பணத்தின் அளவைச் சொல்ல என்ன தடை என்று கேளுங்கள்.

கேட்ட கிளைக்கேள்விகளையும் வந்த பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள். ஆறு கேட்டிருந்தால் நாலுக்குத்தான் பதில் இருக்கும். விட்டுப்போன இரண்டை மட்டும் தனியாக எடுத்து, முந்தைய கேள்வியின் எண்ணைக் குறிப்பிட்டு, மறுபடி கொடுங்கள். மார்ச்சில் முடிந்த ஆண்டின் துறை ஆண்டறிக்கை செப்டம்பர் கடைசிக்குள் சட்டமன்றத்துக்கு வந்துவிட வேண்டும். பதிலில் இருக்கும் செலவுக் கணக்கு அந்த அறிக்கையோடு பொருந்தவில்லை என்றால் அக்டோபருக்கான கேள்வி கையில் தயார்.